பச்சைத் துணி அட்டை

அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். வாரமெல்லாம் அடுத்தவர் வழக்குகளைத் தட்டிய கை, ஞாயிற்றுக்கிழமையானால் பழைய புத்தகக் கடைகளில் தூசி தட்டப் போய்விடும். நாவல் என்றால் உயிர். அதுவும் முதல் பதிப்பாக இருக்க வேண்டும். இரண்டாம் பதிப்பைச் சும்மா கொடுத்தாலும் தொட மாட்டார். முப்பது வருடத்தில் நாற்பத்து மூன்று சேர்த்திருந்தார். அட்டை கிழிந்திருக்கும், முதுகு பிய்ந்திருக்கும். ஆனால் முதல் தாளின் பின்புறம் ‘முதல் பதிப்பு’ என்ற இரண்டு சொல்லும் வருடமும் இருக்கும். அதை விரலால் தடவிப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு சுகம்.

அவர் மனைவி வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைப்பவள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். “இதுங்களையே கட்டிக்கிட்டு அழறதா இருந்தா என்னை எதுக்குக் கட்டினீங்க?” என்று கேலி செய்வாள். ஆனாலும் அலமாரிக்கு மறக்காமல் அந்துருண்டை வாங்கிப் போடுவது அவள்தான்.

ஒருநாள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு திரும்பிய அன்று, கைத்தடியோடு உள்ளே வந்தவரை உட்காரக்கூட விடவில்லை அவள்.

“முதல்ல அலமாரியத் திறங்க.”

திறந்தார். நாற்பத்து மூன்றும் ஒரே உயரத்தில், பளபளவென்று கரும்பச்சைத் துணி அட்டையில் நின்றன.

“பைண்டரை வீட்டுக்கே வரவழைச்சேன். துணி நான்தான் பாத்துப் பாத்து எடுத்தேன். நல்லாருக்கா?”

ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஓரங்களை வெட்டிச் சமமாக்கியிருந்தார்கள். பழைய அட்டை இல்லை. முதல் தாளும் இல்லை. இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் இல்லை.

“முன்னாடி இருந்த தாளெல்லாம் எங்க?”

“பூச்சி அரிச்சிருந்துச்சுங்க. விட்டா மத்த பக்கமும் போயிடும்னு பைண்டர் சொன்னாரு. அப்பவே குப்பையில போட்டாச்சு.”

அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாய் அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

“படிக்கத் தெரியாதவள நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்! நீ வந்த நாள்லேர்ந்து என் வாழ்க்கையில ஒண்ணாவது உருப்பட்டிருக்கா?”

அவள் முகம் செத்துப்போயிற்று. “சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகும் மருந்து கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள், கைத்தாங்கலாக நடக்கப் பழக்கினாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தானாகச் சரியாகிவிடும் என்று அவரும் இருந்துவிட்டார். தடியில்லாமல் தெருமுனைவரை அவர் போய்வந்த அன்று, தையல் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு தங்கள் மகள் வீட்டுக்கு அவள் போய்விட்டாள்.

ஒரு மாதம் வீம்பாக இருந்தார். பிறகு தாங்க முடியாமல் கிளம்பிப் போனார். கதவைத் திறந்த மகள், “அம்மா உள்ள தச்சிக்கிட்டிருக்காங்கப்பா” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

“ஏதோ கோபத்துல சொல்லிட்டேன். மன்னிச்சிடு. வா, நம்ம வீட்டுக்குப் போலாம்.”

அவள் மிஷினை நிறுத்தினாள். “எனக்குக் கோபமே இல்லீங்க. ஆனா இத்தன வருஷமும் என்கிட்ட சிரிச்சுப் பேசினப்பல்லாம், மனசுல இதத்தான் வச்சிருந்தீங்களோன்னு தோணிக்கிட்டே இருக்கு. அந்த நினைப்போட அங்க வந்து குடும்பம் நடத்த முடியல.”

“அந்தப் புத்தகத்தையெல்லாம் தூக்கிப் போட்டுடறேன்.”

“ஐயோ, அதுங்க என்ன பண்ணுச்சு?”

அவள் சாப்பாடு போட்டாள். பஸ் நிறுத்தம்வரை வந்தாள். அவர் ஏறும்வரை பையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏறியதும் நீட்டினாள். கடைசி நேரத்தில் கூப்பிடுவாள் என்று ஜன்னல் வழியே பார்த்தார். சாயங்காலத்துக்குள் அவள் தைத்துக் கொடுக்க வேண்டிய துணி பாக்கியிருந்தது. அவள் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அவர் விசும்பி விசும்பி அழுதார்.

பிறகும் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போனால் சாப்பாடு போட்டாள், உடம்பை விசாரித்தாள். அவரோடு மட்டும் வரவில்லை.