பத்தொன்பதாம் நாள், கலைமணியின் மாடு

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. இண்டூர் பஸ்ஸில் பின் இருக்கையிலிருந்து வந்தது.

"உள்ள இருக்கறது சொன்னாத்தானக்கா ஆத்தாளுக்கே தெரியும்?"

யாரோ மருமகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். மாட்டைப் பற்றி என்று புரிவதற்குள் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகத்தை அப்புறம் தேடிக்கொள்வேன். இந்தக் குரலுக்குக் கலைமணி என்று பெயர் வைத்தேன்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: கொட்டகைச் சுவரில் காலை வெயில் மெல்லப் படர்ந்து —

(விட்டுவிட்டேன். யாருமே பேசவில்லை.)

இரண்டாம் முயற்சி:

"ஏங்க, சொவுத்துல நாளு எழுதியிருந்தனே, எங்க?"

"எந்தச் சொவுத்துல?"

"நீங்க வெள்ளையடிச்ச சொவுத்துல!"

இது நடக்கிறது. கலைமணி வீட்டில் சினை ஊசி போட்ட நாளைக் கரிக்கட்டியால் கொட்டகைச் சுவரில் எழுதிவைப்பது வழக்கம். லாரி ஓட்டும் அவள் புருஷன் நஞ்சப்பன் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தான். மாட்டுக்கும் பண்டிகைதானே என்று பாசத்தோடு இரண்டு பூச்சு அடித்துவிட்டான்.

3.

தை நடுவில் மாதவராஜ் டாக்டர் வந்து மாட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தார்.

"கைக்கு ஒண்ணும் தட்டுப்படல. ஊசி போட்டு எத்தனை நாளாச்சு?"

"கார்த்திகையில போட்டதுங்க," என்றான் நஞ்சப்பன்.

"இல்லீங்க, மார்கழிக் கடைசி," என்றாள் கலைமணி.

"தொப்பூர்ல வண்டி எறங்கறப்ப போன்ல சொன்னியே, அது கார்த்திகை."

"அது ரெண்டாவது ஊசிங்க. இது மூணாவது. இதையும் சொன்னேன், உங்க வண்டி சத்தத்துல எது காதுல ஏறுச்சு?"

"சந்தைக்குப் போவாம இருக்க நாளைத் தள்ளிச் சொல்றாளுங்க டாக்டர். பருவத்துக்கு வர ஊசியப் போட்டுருங்க, பருவத்துக்கு வந்த மாடுன்னா சந்தையில நல்ல வெல போவும்."

சிந்து மாடு. இரண்டு ஊசி தங்கவில்லை. மூன்றாவதும் தங்காவிட்டால் சந்தைக்குத்தான் என்பது அந்த வீட்டில் பேசி முடித்த பேச்சு. கலைமணி அதைக் கன்றிலிருந்து வளர்த்தவள்.

(நஞ்சப்பனை முதலில் ஈரமில்லாதவனாக எழுதியிருந்தேன். "ரெண்டு வருசம் தீவனம் வாங்கிப் போட்டவன் நானுங்கம்மா," என்று அவன் என்னிடமே சண்டைக்கு வந்தான். மாற்றிவிட்டேன்.)

டாக்டர் கையைக் கழுவினார். "கார்த்திகைன்னா ரெண்டு மாசம் தாண்டிருச்சு, வயிறு காலி. பருவத்துக்கு வர ஊசி போட்டுரலாம். மார்கழிக் கடைசின்னா என் கைக்கு இப்பத் தெரியாது. கருமுட்டை வந்த எடத்துல மஞ்சளா ஒரு கட்டி இருக்கும். அது சுரந்துட்டே இருந்தாத்தான் சினை தங்கும். பதினாறு பதினேழு நாளாயிட்டா, உள்ள ஒண்ணுமில்லன்னு கர்ப்பப்பை ஒரு சுரப்பை அனுப்பி அந்தக் கட்டியக் கரைச்சிரும். கரு இருந்தா அதுக்கு முன்னாடியே அது ஒரு சமிக்ஞை குடுக்கும், கரைக்காதேன்னு. நீங்க கேக்கற ஊசி அந்தக் கரைக்கிற மருந்துதான். கரு இருந்தா அதுவும் போயிரும்."

(அந்தச் சமிக்ஞைக்கு இன்டர்ஃபெரான் டௌ என்று பெயர். டாக்டர் இன்னும் நிறையச் சொன்னார், வெட்டிவிட்டேன். ஒரு கடுகளவு உயிருக்கு வாய் வருவதற்கு முன்பே பேச வேண்டியிருக்கிறது என்பது மட்டும் எனக்குப் போதும்.)

"சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்புவேன். ஊசி போட்ட நாளைக் கண்டுபிடிச்சு வைங்க."

4.

ஊசிக்காரர் மாதேஷ் ஓசூர்ப் பக்கம் மாறிப் போய்விட்டார், எண்ணையும் மாற்றிவிட்டார். ஊசி போட்ட அன்று கலைமணியின் போனில் சார்ஜ் இல்லை. ஓரகத்தி காசியம்மாள் போனில்தான் அவரைக் கூப்பிட்டிருந்தாள்; நாள் அதில்தான் பதிந்திருக்கும். அந்தக் காசியம்மாளோடு பொங்கலிலிருந்து பேச்சில்லை. 'உங்க கண்ணு பட்டுத்தான் எம்மாடு சினை நிக்கல' என்று நாலு பேர் முன்னால் சொன்னவள் கலைமணி.

(இங்கே மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். கலைமணி போவாளா? நானாக இருந்தால் போகமாட்டேன். அவள் போனாள்.)

"அக்கா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க."

"எங்கண்ணு பட்ட போனாச்சே. உனக்கு ஆவாதே."

"தப்புத்தாங்கக்கா. சொல்லியிருக்கக் கூடாது."

"வூட்டுக்குள்ள வந்து சொல்லு. வாசல்ல நின்னு சொன்னா எனக்குக் கேக்காது."

உள்ளே போய் இன்னொரு தரம் சொன்னாள். காசியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"மாதேஷு... இந்தா. சனவரி பத்து, காலையில ஏழே கால். ரெண்டு தரம் பண்ணிருக்க. என் காசுல."

கலைமணி விரல்விட்டு எண்ணினாள். பத்தொன்பது நாள்.

5.

சாயங்காலம் டாக்டர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு ஊசியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். நஞ்சப்பன் சுவரையே பார்த்தபடி நின்றான்.

"அப்ப நான் போடச் சொன்ன ஊசி..."

"போடலையே," என்றார் டாக்டர். "இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, மூணு நாளும் ஒரு ஆளு பக்கத்துலயே இருங்க. திரும்பப் பருவத்துக்கு வந்தா சினை இல்லன்னு அர்த்தம். இது கத்தாத மாடு, பின்னால கண்ணாடி மாதிரி வழும்பு வடிஞ்சாத்தான் தெரியும்."

கலைமணியும் காசியம்மாளும் முறைபோட்டுக் காவலிருந்தார்கள். முறையில்லாத நேரத்திலும் காசியம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

6.

முடிவுக்கு மூன்று எழுதினேன். ஒன்றில் கிடாரிக் கன்று துள்ளுகிறது. ஒன்றில் இருபத்தொன்றாம் நாள் வழும்பு வடிகிறது. மூன்றாவதில் —

(அதை முடிக்கவில்லை.)

வடியாததும் அத்தாட்சி இல்லையாம்; இரண்டு மாதம் கழித்துக் கைவிட்டுப் பார்த்தால்தான் உறுதி. எனக்குக் கிடைத்தது இருபத்திரண்டாம் நாள் மாலை வரைக்குமான பேச்சு. மிச்சத்தை உங்களிடம் விடுகிறேன். நஞ்சப்பன் லோடு இறக்கிவிட்டுப் போன் போட்டான்.

"என்ன பண்ணுது?"

"அசை போடுதுங்க."

"வழும்பு?"

"இல்லீங்க. பொட்டுகூட இல்ல."

"அப்ப நல்லதுதான?"

"தெரியலீங்க. வெய்யுங்க, அக்கா காப்பி கொண்டாந்திருக்காங்க."