பத்தாயத்தில் இருந்தவள்

அழைப்பிதழைப் பிரித்ததும் அம்சம் முதலில் தேடியது தன் பெயரைத்தான். கல்லூரியின் முதல் மகளிர் விடுதிக்கு ஐம்பது வயதாகிறதாம். தை மாதத்து ஞாயிறன்று பொன்விழாவாம். முதல் ஆண்டில் தங்கிப் படித்த பெண்களின் பெயர்களைக் கல்லில் பொறித்துத் திறக்கப் போகிறார்களாம். எல்லாம் சரிதான். கீழே பதினொரு பெயர்கள் இருந்தன, அவள் பெயர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இல்லாத பெயருக்குக் கண்ணாடி என்ன செய்யும்? தாவரவியல் படித்த பழைய மாணவி என்ற முறையில் அழைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அறுபத்தெட்டு வயதில் இதற்கெல்லாம் கோபப்படலாமா என்றால், அம்சம் படுவாள். முப்பத்தைந்து வருடம் வேளாண்மை அலுவலராக இருந்தவள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களை வரப்பிலேயே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். அழைப்பிதழில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தது பிரகதீஸ்வரி என்ற வரலாற்றுப் பேராசிரியை. விடுதியின் வரலாற்றை எழுதுகிற பொறுப்பு அவளுடையது.

"மேடம், பழைய ரெஜிஸ்டர் என் கையிலதான் இருக்கு. பன்னெண்டு பேரு எழுதி, கடைசிப் பேரை அடிச்சிருக்காங்க. பக்கத்துல 'சொல்லாமல் ஓடிப்போனவர்'னு சிவப்பு மையில எழுதியிருக்கு. அதான் பதினொண்ணு போட்டோம்."

"அந்த ஓடிப்போனவ நான்தாம்மா. ஓடல, பஸ்லதான் போனேன்."

பிரகதீஸ்வரி சிரித்துவிட்டாள். பிறகு தயங்கினாள். "ஆனா ஆதாரம்னு ஒண்ணு வேணுமே மேடம். கல்லு வேற வெட்டியாச்சு."

"ஆதாரம் உங்ககிட்டயே இருக்கு. நடுக்கூடத்துல ஒரு பத்தாயம் நிக்குதுல்ல, அதைத் திறந்து பாத்தீங்களா?"

"அது திறக்க மாட்டேங்குது மேடம். ஆசாரி ரெண்டு பேரு வந்து பாத்துட்டு, அறுத்துத்தான் எடுக்கணும்னாங்க. பழைய பொருளாச்சேன்னு அப்படியே வார்னிஷ் அடிச்சு வச்சுட்டோம்."

"அறுத்துக்கிறுத்துத் தொலைச்சுடாதீங்க. நான் வந்து திறக்கிறேன்."

போனை வைத்த பிறகும் கோபம் தணியவில்லை. பெயர் விட்டுப்போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஓடிப்போனவள் என்ற பட்டத்தை எப்படிப் பொறுப்பது?

அந்த விடுதி முதலில் விடுதியே இல்லை. குடமுருட்டிக் கரையில் ஒரு மிராசுதார் வீடு. குடும்பம் சென்னைக்குப் போய்விட, சும்மா கிடந்த வீட்டைக் கல்லூரி கேட்டு வாங்கிப் பன்னிரண்டு பெண்களைத் தங்க வைத்தது. வீட்டுக்காரர்கள் எடுத்துப் போக முடியாமல் விட்டுப்போனது அந்தப் பத்தாயம் ஒன்றைத்தான். ஆள் உயரத்துக்கு மேலே, பலாமரப் பலகையில் செய்த நெல் பெட்டி. மேலே நெல் கொட்ட ஒரு வாய், கீழே அள்ள ஒரு சின்னக் கதவு. அதன் மேல் பெண்கள் பாவாடை காயப்போடுவார்கள்.

வார்டன் மங்களாம்பிகை தஞ்சாவூர் மேலவீதியில் பிறந்து வளர்ந்தவர், கல்லூரியில் தமிழ் நடத்தியவர். நெல்லை அவர் அரிசியாகத்தான் பார்த்திருப்பார். அம்சமோ கூலிக்கு அறுத்த வீட்டுப் பெண். தை பிறந்து சம்பா சாய்ந்துவிட்டால் அவள் ஊரில் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அரிவாள் பிடித்த கைக்குத்தான் களத்தில் நெல். அந்தப் பதினைந்து நாளும் பள்ளிக்கூடத்து வாத்தியாரே பிள்ளைகளைத் தேட மாட்டார். கல்லூரியிலும் அப்படித்தான் இருக்கும் என்று அம்சம் நினைத்தாள். அறுப்புக்குப் போகிறேன் என்று ஒருத்தரிடம் போய்ச் சொல்வதா, குளிக்கப் போகிறேன் என்று சொல்வது மாதிரி? விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள்.

ஆறாம் நாள் தபால்காரர் வயலுக்கே வந்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வரப்பில் நின்று உரக்கப் படித்தார். 'தங்கள் மகள் சொல்லாமல் ஓடிப்போய்விட்டபடியால் விடுதியிலிருந்து நீக்கப்படுகிறாள்.' பக்கத்தில் அரிவாளோடு நின்ற மகளைப் பார்த்து அப்பா சிரித்தார். "இந்தா நிக்கிறாளே, இவளா ஓடிப்போனா?" வயலே சிரித்தது. சிரித்தவர்கள் அதோடு விட்டார்களா? கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், ஊருக்குப் போனால் 'ஓடிப்போனவ வந்துட்டா' என்பார்கள். கேலிதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

அறுப்பு முடிந்து திரும்பியபோது விடுதிக் கதவு அவளுக்கு மூடியாயிற்று. கல்லூரியில் பெயர் இருக்கிறது, படுக்க இடமில்லை. வழி சொன்னவள் கூத்தாநல்லூர் ஜுலைகா. "பத்தாயம் சும்மாத்தானே கெடக்கு? ஏறி உள்ள எறங்கு." அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல், வார்டன் வருகைப் பதிவு எடுக்கும் நேரமெல்லாம் அம்சம் பத்தாயத்துக்குள் இருந்தாள். விடுதிக் கமிட்டிக்காரர்கள் சோதனைக்கு வந்தாலும் அங்கேதான். முதல் வாரம் மூச்சு முட்டியது, பயத்தில் கண்ணை இறுக்க மூடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு பழகிப்போயிற்று. கண்ணைத் திறந்து பார்த்தபோது முகத்துக்கு நேரே வரிசையாக ஏழு ஓட்டைகள் இருந்தன. அந்த வெளிச்சத்தில் ஆணியால் பலகையில் கீறித் தாவரக் குடும்பங்களின் பெயர்களை மனப்பாடம் செய்தாள். வகுப்புக்குப் போகும் வழியில் வார்டன் ஒரே ஒரு முறை கேட்டார், எங்கே தங்கியிருக்கிறாய் என்று. பாபநாசத்தில் சித்தப்பா வீட்டில் என்றாள். அவளுக்குச் சித்தப்பாவே கிடையாது. வார்டன் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தம்மாளை ஏமாற்றிப் பட்டம் வாங்கிய கதையை அம்சம் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

ஞாயிறன்று தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, கூத்தாநல்லூரில் ஜுலைகாவை ஏற்றிக்கொண்டு போனாள். வழியில் அறுப்பு மிஷின் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போயிற்று. ஜுலைகாவுக்கு அவசரம். "ஹாரனை அடிடீ."

"அது அறுப்புக்குப் போவுது. வழி விடணும்," என்றாள் அம்சம்.

நடுக்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மஞ்சள் துணி மூடிய கல் ஒரு பக்கம், வார்னிஷ் மினுங்கும் பத்தாயம் ஒரு பக்கம். பதினொரு பேரில் நால்வர் காலமாகிவிட்டார்கள், மற்றவர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் மங்களாம்பிகை. எண்பத்தெட்டு வயது, உடம்பு பாதியாகிவிட்டது, பார்வை மட்டும் அதே பார்வை. அம்சத்துக்கு ஒரு கணம் பழைய பழக்கத்தில் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. சீ என்று தன்னையே அதட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"மேடம், பாத்து!" என்று பதறினாள் பிரகதீஸ்வரி.

"எல்லாரும் இதை மேல இழுத்துப் பாத்திருப்பாங்க. இழுத்தா வராது." இடது மூலையில் முஷ்டியால் இரண்டு தட்டுத் தட்டி, மூடிப் பலகையைப் பின்பக்கமாகத் தள்ளினாள். பத்தாயம் முனகியது. பிறகு வார்னிஷ் விரிசல்விட, வாய் திறந்தது. கூடத்தில் கைதட்டினார்கள்.

பிரகதீஸ்வரி செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள். பலகை முழுக்க எழுத்து. மால்வேசி, அப்போசைனேசி, யூபோர்பியேசி என்று கோணல்மாணலாக இறங்கி, அடியில், 'அம்சம், தாவரவியல் மூன்றாம் ஆண்டு.' அவள் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. "போதும் மேடம். கல்லை மாத்திடறோம்."

ஜெயித்தாயிற்று. அதோடு இறங்கி வந்திருக்கலாம். ஆனால் அம்சத்துக்கு வாய் சும்மா இருக்குமா? முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்கம்மா, ரெண்டு வருஷம் உங்க மூக்குக்குக் கீழயே இருந்திருக்கேன். தெரியலியே உங்களுக்கு!"

மங்களாம்பிகை தன்னைப் பத்தாயத்தின் அருகே தள்ளச் சொன்னார். விரலால் முன்பலகையைத் தடவினார். விரல் அந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாக நின்று நின்று போயிற்று.

"நீ என்ன வேலை பாத்தே அம்சம்?"

"வேளாண்மை அலுவலருங்க."

"ஊர் ஊராப் போய் நெல்லை எப்படி வைக்கணும்னு சொல்லிக் குடுத்திருப்பே?"

"ஆமாங்க. காத்து, ஈரம், பூச்சி ஒண்ணும் அண்டாம மூடி வைக்கணும்னு..." அம்சம் பாதியில் நிறுத்தினாள்.

"அப்புறம் பத்தாயத்துல எவனாவது ஓட்டை போடுவானா?"

அம்சம் ஸ்டூலிலிருந்து இறங்கி, அந்த ஓட்டைகளைக் குனிந்து பார்த்தாள்.

"நீ உள்ள இருந்தேன்னு எனக்கு மறுநாளே தெரியும். பெட்டி இருமினா தெரியாதா? மூச்சு முட்டிச் செத்துகித்துப் போயிடப் போறியேன்னு, நீங்கள்லாம் காலேஜ் போன நேரமாப் பாத்து ஆசாரியைக் கூப்பிட்டுத் துளை போட வச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்க சிரிச்சாங்க, நெல்லுப் பெட்டிக்கு ஜன்னல் வைக்கிறா வாத்தியாரம்மான்னு."

முப்பத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள், தன் முகத்துக்கு நேரே இருந்த ஏழு ஓட்டைகளைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. அம்சத்துக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அழுகைக்கு முன்னால் கோபம் வந்து நின்றது.

"தெரிஞ்சிருந்தும் ஏங்க என் பேரைத் திருப்பி எழுதல? ஓட்டை போடத் தெரிஞ்ச கைக்கு அந்தச் சிவப்பு மையை அடிக்கத் தெரியலியா? ஊரே என்னை ஓடிப்போனவன்னுச்சு. எத்தனை வருஷம் ஆச்சும்மா!"

ஜுலைகா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அம்சம் உதறினாள்.

மங்களாம்பிகை தலையைக் குனியவில்லை. "பயந்தேன்," என்றார். "உங்க பக்கத்துல தையில யாரும் சொல்லிட்டுப் போக மாட்டாங்கன்னு சமையக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்குள்ள கமிட்டி கையெழுத்துப் போட்டாச்சு. தப்பா எழுதிட்டேன்னு சொன்னா என் வேலை போயிடும்னு பயந்தேன். அப்புறம் பயம் போச்சு, வெட்கம் வந்துடுச்சு. ஓட்டை போட்டது ரகசியமாப் பண்ற காரியம், அதுக்குத் தைரியம் வேணாம். எழுதுறதுக்குத்தான் வேணும். எனக்கு இல்லை."

வெளியே எங்கோ அறுப்பு மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெஜிஸ்டரைக் கொண்டாம்மா," என்றார் பிரகதீஸ்வரியிடம்.

மடியில் வைத்துப் பிரித்தார்கள். பேனாவை வாங்கி, சிவப்பு வரியின் கீழே வெகுநேரம் எழுதினார். எழுத்து ஆடியது, ஆனால் தமிழ் வாத்தியார் எழுத்து, படிக்க முடிந்தது. 'அறுப்புக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தாள். மூன்று ஆண்டும் இங்கேதான் இருந்தாள்.' கீழே கையெழுத்து, அன்றைய தேதி. அம்சம் தோளுக்கு மேலாக எட்டி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

பிறகு மங்களாம்பிகை நிமிர்ந்து, முதல் பெயரிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். கூடத்தில் இருந்த கிழவிகள் சட்டென்று நாற்காலியில் நிமிர்ந்தார்கள். "பிரசன்ட் மேடம்." "பிரசன்ட் மேடம்." காலமானவர்களின் பெயருக்கு ஒரு மூச்சு நேரம் பொறுத்து, அடுத்த பெயருக்குப் போனார். ஜுலைகா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று சொன்னாள். பதினொன்று முடிந்தது.

"அம்சம்."

இந்தப் பெயர் வரிசை அவளுக்கு மனப்பாடம். இரண்டு வருடம், பதினொன்றோடு முடிவதை உள்ளேயிருந்து கேட்டவள். அப்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போதும் கை தன்னையறியாமல் வாய்க்குப் போயிற்று. அதை இறக்கிக்கொண்டு, வாசலில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னாள்.

"பிரசன்ட்."