சங்கத்துச் செடிகள்

முலுண்டிலிருந்து குர்லா வந்து, அங்கே ரயில் மாறி, செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருந்தார் அந்த மனிதர். துணிப்பைக்குள்ளிருந்து ஒரு தொட்டியை எடுத்துப் பேராச்சியின் முன்னால் வைத்தார்.

"மூணு வருஷமாச்சு. ஒரு பூ இல்லை. என்ன செடி விக்கறீங்க நீங்க?"

பேராச்சி தொட்டியைப் பார்த்தாள். புல்லைப் போல நீண்ட இலைகள். மலையில் வளரும் ஆர்க்கிட். ராத்திரிக் குளிர் பட்டால்தான் மொட்டு விடும். பம்பாயில் முந்நூறு வருஷம் வைத்திருந்தாலும் இலைதான்.

"இத நான் விக்கலையே சார். எங்க வாங்குனிய?"

"மாட்டுங்கா சங்கத்து விற்பனையில."

"அப்போ சங்கத்துலல்லா போயி கேக்கணும்?"

"அவங்க வருஷத்துக்கு ரெண்டு நாள்தானே கடை போடறாங்க. நீங்கதான் தினம் இருக்கீங்க."

இந்த வருஷம் இப்படி வந்தவர்களில் அவர் ஏழாவது ஆள்.

"ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிப் பாருங்க" என்றாள் எரிச்சலோடு.

"எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார் அவர், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே.

பேராச்சிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவள் தாராவிக்காரி. செம்பூரில் ஒரு பெரிய பங்களாவில் பத்து வருஷம் தோட்டவேலை பார்த்தாள். வீட்டுக்காரர்கள் சீமைக்குக் குடிபோனபோது தொங்கவிட்டிருந்த ஆர்க்கிட் செடிகளை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் இவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த முப்பது செடிகளைப் பிரித்து வளர்த்து, வாடகைக்கு ஒரு காலிமனை பிடித்து, கீற்றுப் பந்தல் போட்டு, 1968-இல் அறுநூறு செடிகளுக்கு மேல் வைத்திருந்தாள். தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவில் அவளுக்கென்றே பக்கவாட்டில் மூன்று ஓட்டை வைத்துத் தொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். ஆர்க்கிட் வேருக்குத் தண்ணீரைவிடக் காற்றுதான் முக்கியம் என்பது அவள் கணக்கு.

தொழிலில் அவளுக்கு வேறு வியாபாரிகள் போட்டி இல்லை. மாட்டுங்காவில் செடி வளர்ப்பவர்கள் வைத்திருந்த சங்கம்தான் போட்டி. ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள், அவர்கள் மனைவிமார்கள், அணுசக்தி நகரிலிருந்து பஸ் ஏறி வரும் விஞ்ஞானிகள் என்று அறுபது பேர். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் பெரிய தொந்தரவு. அவளிடம் எட்டு ரூபாய்க்கு ஒரு செடி வாங்குவார்கள், வீட்டு பால்கனியில் வளர்த்து மூன்றாகப் பிரிப்பார்கள், சங்கத்து விற்பனையில் ஆளுக்கு இரண்டு தொட்டி நன்கொடையாகக் கொடுப்பார்கள். சங்கம் மூன்று ரூபாய்க்கு விற்கும். வாடகை இல்லை, கூலி இல்லை, மழையில் பந்தல் பறப்பதும் இல்லை. விற்பனைக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே பேராச்சியின் கடைப்பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், செடியை எப்படிப் பிரிப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் கூப்பிட்டு, மாலை போட்டு, காபி கொடுத்து, ஒன்றரை மணி நேரம் பேச வைத்தார்கள்.

"ஒன் வாய்தான் ஒனக்குச் சத்துரு" என்றான் அவள் புருஷன் சுயம்பு. காட்கோபரில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன்.

அந்த அக்டோபரில் விற்பனை நடந்த சனிக்கிழமை, பேராச்சி நேரிலேயே போனாள். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நெரிந்தது. ஆர்க்கிட் மேஜையில் பாதிக்கு மேல் மூன்று ஓட்டைத் தொட்டிகள். தன் பிள்ளைகளை யாரோ வரிசையில் நிற்க வைத்து ஏலம் போடுவது போலிருந்தது அவளுக்கு. பழக்கதோஷத்தில் ஒரு தொட்டியை எடுத்து இலையைப் புரட்டினாள்.

இலைக்கு அடியில், தண்டோடு சேரும் இடத்தில், வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போலிருந்தது. நகத்தால் சுரண்டினாள். பஞ்சு இல்லை. செதில் பூச்சி. அடுத்த தொட்டியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

சங்கத்துச் செயலாளர் பார்வதியம்மாள் ரசீதுப் புத்தகத்தோடு நின்றிருந்தாள். பேராச்சி அவளை ஓரமாக அழைத்தாள்.

"அம்மா, இந்த மேசைய மூடிருங்க. செடி பூரா பூச்சி. வாங்கிட்டுப் போறவக வீட்டுல இருக்கது எல்லாத்துக்கும் பிடிச்சிரும்."

"என்ன பேராச்சி, இப்போ போய்ச் சொல்றேளே! நன்னாத்தானே இருக்கு? ஏதோ தூசியா இருக்கும்."

"தூசி இல்லம்மா. கண்ணாடிய மாட்டிட்டுப் பாருங்க."

அதற்குள் பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர், சங்கத்தின் துணைத்தலைவர், குறுக்கே வந்தார். "மேடம், அவங்க வியாபாரி. எட்டு ரூபா செடியை நாம மூணு ரூபாய்க்குக் குடுத்தா வயிறு எரியாதா?"

வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். பார்வதியம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் மேஜையை மூடவும் இல்லை. வரிசை நகர்ந்தது.

பேராச்சி வெளியே வந்தாள். மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை நடந்தே போனாள். வழியெல்லாம் அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. பட்டு அழியட்டும். நமக்கென்ன?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுயம்புவையும் இழுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனாள். "நம்ம செடி ஒண்ணுல ஒரு பூச்சி காட்டுங்க பாப்போம்" என்று சவால் விட்டு, வரிசையாக இலைகளைப் புரட்டிக் காட்டினாள். மேல்தட்டு சுத்தம். நடுத்தட்டு சுத்தம். கீழ்த்தட்டில், மே மாதம் காலிம்போங்கிலிருந்து ரயில் பார்சலில் வந்த செடிகள் இருந்தன. அதில் ஒன்றைத் தூக்கிப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தண்டை மூடியிருந்த காய்ந்த சருகை உரித்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக.

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. ஜூன் மாதம் பார்வதியம்மாள் வந்து இந்தப் பார்சலில்தான் பத்துச் செடி வாங்கினாள். விற்பனைக்குப் பிரிக்கத்தான் வாங்குகிறாள் என்று தெரிந்த எரிச்சலில், சருகை உரித்துப் பார்க்காமலே பேராச்சி எடுத்துக் கொடுத்தாள். வேறு யாருக்குக் கொடுத்தாலும் பார்த்திருப்பாள்.

"சவத்து மூதி" என்று தன்னையே திட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

சுயம்பு அந்தத் தொட்டியை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு, "யாருக்குத் தெரியப் போவுது? அவாளே பூச்சி இல்லன்னுதான சொல்லுதாவ. நீ கம்முன்னு கெட" என்றான்.

"நான் சொன்னத நம்பலன்னு நேத்துப் பூரா வஞ்சேன். இப்ப நானே கம்முன்னு இருந்தா எப்படிங்க?"

"போனா கட தலையில மண்ணு விழும்ட்டி."

"விழட்டும்."

அன்றைக்கே கீழ்த்தட்டிலிருந்த நாற்பது செடிகளையும் மனையின் மூலையில் போட்டுக் கொளுத்தினாள். பச்சைச் செடி லேசில் பற்றாது. சுயம்பு பட்டறையிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டியிருந்தது. புகைக்கு மூன்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் பேராச்சி போய் பார்வதியம்மாளின் வீட்டுக் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"அம்மா, பூச்சி இருக்கது நெசம். அது எங்கிட்ட இருந்துதான் வந்திச்சு. ஜூன் மாசம் நீங்க வாங்குன செடியில இருந்திருக்கு. நான் பாக்காம குடுத்துட்டேன்."

பார்வதியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சனிக்கிழமை ராத்திரியே கண்ணாடியைப் போட்டுண்டு பார்த்தேன்" என்றாள் மெல்ல. "விக்காம மிஞ்சின செடியிலெல்லாம் இருந்தது. உங்ககிட்ட எப்படி வந்து சொல்றதுன்னு ரெண்டு நாளா தூக்கமில்லை. நீங்க என்னடான்னா..."

உள்ளே போய் ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். வாங்கியவர்களின் பெயரும் விலாசமும் அதில் இருந்தன. நாற்பத்திரண்டு வீடு.

பதினோரு நாள் அலைந்தார்கள். புகையிலையை ஊறவைத்த தண்ணீர் ஒரு வாளி, பார் சோப்பு, பழைய பல்விளக்கும் பிரஷ் ஒரு டஜன். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் நாலு மாடி ஏறி, ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள் பேராச்சி. பார்வதியம்மாள் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். சிலர் கதவையே திறக்கவில்லை. ஒரு வீட்டில் புகையிலை நாற்றத்துக்காக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். துணைத்தலைவர் வீட்டில் அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. "இது எதனால வருது?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பேராச்சி, "என்னாலதான் சார்" என்றாள். நாலாவது தடவை அவர் கேட்கவில்லை.

ஒன்பது செடி போயிற்று. மற்றவை பிழைத்துக்கொண்டன.

சங்கத்துக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். இனி பேராச்சி பார்த்துச் சரியென்று சொன்ன செடிதான் விற்பனை மேஜைக்கு வரும். பார்வதியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னாள்.

"சம்பளம் உண்டாம்மா?"

"இது கௌரவப் பதவின்னா!"

"அப்ப நான் ரெண்டு சொல்லுதேன். பம்பாயில பூக்காத மலைச் செடிய விக்கப்படாது. ஆர்க்கிட்ட ஆறு ரூபாய்க்குக் கொறச்சிக் குடுக்கப்படாது."

மறுபடி கூட்டம் போட்டு, இரண்டு மணி நேரம் விவாதித்து, முதல் நிபந்தனையை ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதில், மூன்று ரூபாயை மூன்றரையாக்கினார்கள்.

"அம்பது பைசா! எல்லாரும் படிச்சவாதான?" என்று சுயம்புவிடம் கத்தினாள் பேராச்சி. போகப் போவதில்லை என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாத விற்பனைக்கு முந்தின நாள் ஹாலின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த தொட்டியை எல்லாம் புரட்டிப் பார்த்தாள். பதினேழைத் திருப்பி அனுப்பினாள். பதினேழு பேருக்கும் கோபம். அதில் ஒரு அம்மாள் விடவேயில்லை.

"என் செடியில பூச்சியே கிடையாது. நன்னாப் பாருங்கோ."

"பூச்சி இல்லம்மா."

"பின்ன ஏன் வேண்டாங்கறேள்?"

"இது ஆர்க்கிட்டே இல்லம்மா. கொளத்துல மெதக்குற வெங்காயத் தாமரை" என்றாள் பேராச்சி. சொல்லிவிட்டு, அடுத்த தொட்டிக்குக் கையை நீட்டினாள்.