விழுந்து கிடந்த நாலு வரிசை

இடது தோள்பட்டையில் யாரோ ஆப்பு வைத்து அடிப்பது போல வலித்தது. பொன்னழகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு செத்த நேரம் நின்றான். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. முழங்கால் அளவு சேற்றுக்குள் கால் இருப்பதே தெரியாமல் மரத்துப் போயிருந்தது. முந்தின நாள் பொழுது சாய்ந்து குடித்த கேப்பைக்கூழ் எப்போதோ கரைந்து, வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

கார்த்திகைப் புயல் அடித்து ஓய்ந்து பன்னிரண்டு நாளாயிற்று. கொடிக்கால் வாய்க்காலில் மட்டும் தண்ணீர் வடிந்தபாடில்லை. அள்ளி அள்ளி வரப்புக்கு அந்தப் பக்கம் வீசுவார்கள். மறுநாள் வந்து பார்த்தால் பழையபடி ஊறி நிற்கும்.

ஒன்பது குடும்பம் சேர்ந்து முத்துச்சாமியிடம் குத்தகைக்குப் பிடித்த வெற்றிலைக் கொடிக்கால் அது. ஆளுக்கு நாலு வரிசையோ ஐந்து வரிசையோ. பொன்னழகுதான் மேஸ்திரி. எந்த வரிசைக்கு எப்போது தண்ணீர், யார் எந்த நாள் இலை கிள்ளுவது என்பதெல்லாம் அவன் சொல்படிதான்.

வெளிச்சம் வந்ததும் முதல் வரிசையில் கை வைத்தான். இலை பழுத்திருந்தது. வயசாகிப் பழுத்த பழுப்பில்லை, மஞ்சள் காமாலை கண்டவன் கண் மாதிரி ஒரு மஞ்சள். கொடியை லேசாக இழுத்தான். எண்ணெயில் ஊறிய திரி போல வழுவழுவென்று கையோடு வந்தது. வேர் இல்லை. செத்த எலி நாற்றம் அடித்தது. பக்கத்துக் கொடியை இழுத்தான். அதுவும் வந்தது.

அடுத்த வரிசையில் இருந்த சூசைராஜ் கையிலும் ஒரு கொடி தொங்கியது. "தூக்கி நிப்பாட்டுனமே தவிர, பொணத்தத்தாண்ணே நிப்பாட்டியிருக்கோம்" என்றான்.

புயல் நின்ற அன்று காலையில் கொடிக்கால் முழுவதும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கொடி ஏறி நிற்கும் அகத்தி மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. ஈரத்தரையில் ஒரு பொழுது கிடந்தால் வெற்றிலைக்கொடி செத்துப்போகும். கொடிக்காலில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கை வராது. ஆளைக் கூப்பிட்டு, முட்டுக்கொடுத்து, வாழைநார் கிழித்துக் கட்டிக் கட்டி நிமிர்த்தினார்கள். காற்றடிக்கும் பக்கம் இருந்தவை பொன்னழகின் வரிசைகள். அதனால் அதிலிருந்தே தொடங்கினார்கள்.

முதலில் வந்து தோள் கொடுத்தவன் ஜமால் முகமது. அதற்கு முந்தின மாதம்தான் பொன்னழகுக்கு வளர்ந்த கொடியை இறக்கி மண்ணில் பதிக்க நாலு நாள் கைமாற்று வேலை செய்திருந்தான். அதைப் பொன்னழகு இன்னும் திருப்பவில்லை. கைமாற்றில் காசு கிடையாது. நாலு நாள் வாங்கினால் நாலு நாள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வரிசையை நெம்பும்போது அகத்தி வழுக்கி ஜமால் முகமதுவின் தோள்மேல் இறங்கியது. காரை எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தான்.

அவனுடைய நாலு வரிசை கிழக்கு ஓரத்தில். பொன்னழகு தன்னுடையதை நிமிர்த்தினான், அடுத்து மச்சான் வரிசையை, அதற்கடுத்து சூசைராஜ் வரிசையை, அப்படியே மற்றவர்களுடையதை. "நாளைக்கு ஜமாலுக்கு" என்று மூன்று நாள் சொன்னான். நாலாம் நாள் நிவாரணக் கணக்கெடுக்க ஆபீசர் வந்துவிட்டார். அதற்குப் பிறகு தண்ணீர் அள்ளவே ஆள் போதாமல், கிழக்கு ஓரம் கிடந்தபடியே கிடந்தது.

அந்த நாலாம் நாளை நினைக்கும்போதெல்லாம் பொன்னழகுக்குச் சோறு இறங்கவில்லை.

*

கொடி வேரில்லாமல் கையோடு வந்த அன்று மத்தியானம் முத்துச்சாமி கூப்பிட்டு விட்டார். பொன்னழகும் சூசைராஜும் போனார்கள். வாசலில் புதிதாக அறுத்த இலவங்கட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சிறுமலை அடிவாரத்தில் அவருக்குப் பஞ்சு காய்க்கும் இலவந்தோப்பு உண்டு. புயலில் நூற்றுச் சொச்சம் மரம் சாய்ந்தது. ஒரு மரத்தைக்கூட நகர்த்தவிடாமல், ஆபீசர் வந்து எண்ணி முடிக்கிறவரை போட்டுவைத்து, மரத்துக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் ரம்பம் உள்ளே போனது.

பொங்கலுக்குக் குத்தகை முழுசாக வந்துவிட வேண்டும் என்றார்.

"கொடி அம்புட்டும் அழுகிப்போச்சுங்கய்யா. கவுளியாக் கட்டி விக்க ஒரு இலை இல்ல."

"அது சீக்கு. புயல்ல போயிருந்தா சர்க்கார் எழுதியிருக்கும், நானும் குறைச்சுருப்பேன். சேதமில்லைன்னு நீதானப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்த?"

"வேர் அழுகுனதே புயல்லதாங்க."

"என் மரமும் புயல்லதான் விழுந்துச்சு. விழுந்தது கிடந்துச்சு. வந்தவரு பாத்தாரு, எழுதுனாரு. ஒங்க கொடி மட்டும் விழுந்துட்டு எந்திரிச்சு நிக்குமா?"

சூசைராஜ் அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஒங்க மரம் கட்டையாயிருச்சுங்க, கிடந்துச்சு. எங்களுது உசுரோட கிடந்துச்சு. தூக்காம என்ன செய்ய?"

"அப்ப அந்த உசுர வித்துக் குத்தகையக் குடு." முத்துச்சாமி சிரிக்கவில்லை. "பொங்கலுக்குள்ள வரலைன்னா எடத்த விட்ருங்க. வாழை போட ஆளு கேக்குது." உள்ளே போக எழுந்தவர் திரும்பினார். "கிழக்கோரத்துல நாலு வரிசை படுத்துக் கிடக்காமே. அதையும் நிமித்திருங்க. ஆளில்லைன்னா சொல்லுங்க, நாளைக்கு ரெண்டு பேர அனுப்புறேன். கூலி வேணாம்."

தெரு முனை வரைக்கும் நடந்தார்கள். பிறகு சூசைராஜ் நின்றான்.

"ஓசியில ஒரு ஈர்க்குச்சி தராத மனுசன், ரெண்டு ஆளு அனுப்புறாராம். ஏண்ணே, அந்த நாலு வரிசைய ஆபீசர் பாத்தாருல்ல?"

பொன்னழகு தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

*

அன்று பொழுது சாய, ஜமால் முகமது வீட்டு முன்னால் ஒன்பது வீட்டு ஆட்களும் கூடினார்கள். கட்டுப்போட்ட தோளோடு ஜமால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நஜ்முன்னிசா நிலைப்படிக்கு உள்பக்கம் நின்றாள்.

பொன்னழகு நின்றுகொண்டே சொன்னான். கொடிக்காலுக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது. அது நம் வழக்கம், ஆபீசரிடமும் சொன்னோம். ஆபீசர் சேற்றைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார், வரப்பிலிருந்தே பார்க்கிறேன் என்றார். வரப்பு ரெண்டு. கிழக்கு வரப்பில் போனால் ஜமாலின் வரிசைகள் குப்புறக் கிடப்பது தெரியும். நான் மேஸ்திரியாக இருக்கிற கொடிக்காலில் நாலு வரிசை விழுந்து கிடக்கிறதே என்று வெட்கம். கடன்பட்ட நாலு நாளைக் கொடுத்திருந்தால் அது எழுந்து நின்றிருக்குமே என்று அதைவிட வெட்கம். அதனால் மேற்கு வரப்பில் கூட்டிப்போனேன். நாலே நாளில் இப்படி நிமிர்த்திவிட்டீர்களே, கை என்றால் இதுதான் கை என்று ஆபீசர் சொன்னார். அந்த வார்த்தையில் உச்சி குளிர்ந்துபோய், நீட்டின காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கக்கூட இல்லை.

சொல்லி முடித்தபோது ஒரு ஆடு செருமியது.

"பொண்ணு பாக்க வந்தவனுக்குப் பவுடர் பூசிக் காட்டுற மாதிரி, கொடிக்காலுக்குப் பூசிக் காட்டியிருக்காரு" என்றான் சூசைராஜ். ரெண்டு பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நஜ்முன்னிசா நிலைப்படிக்கு வெளியே வந்தாள். அவள் குரல் உயரவில்லை. "ஒங்க வரிசையில எலும்பு முறிஞ்சு கிடந்தாரு. அது நசீபு, தலையெழுத்துன்னு இருந்தேன். எங்க வரிசைய மறைச்சு நடத்திக் கூட்டிப்போனீங்களே, அதுதாண்ணே தாங்கல."

பொன்னழகு நிமிரவில்லை. அவனுக்கு யாராவது கன்னத்தில் ஒன்று கொடுத்தால் தேவலை போல இருந்தது.

ஜமால் முகமது தொண்டையைக் கனைத்தான். "அழுதது போதும். இப்ப யோசிங்க. முத்துச்சாமி எதுக்கு ஆளு அனுப்புறாரு? சர்க்காரு சேதம்னு எழுதிட்டா அவரு குத்தகையக் குறைக்கணும்ல. புயல் நம்ம கொடிக்காலுக்குள்ள வந்துச்சுன்னு சொல்ல, மிச்சமிருக்கிற சாட்சி அந்த நாலு வரிசைதான். அதையும் நிமித்திட்டா நம்மளுது வெறும் சீக்கு. சீக்குக்கு எந்த சர்க்காரு பணம் குடுக்கும்?"

அதற்குப் பிறகு பேச்சு வேகமாக நடந்தது. கிழக்கு ஓரத்தில் ஆள் மாற்றி ஆள் காவல் இருப்பது, முத்துச்சாமியின் ஆள் வந்தால் உள்ளே விடாதிருப்பது, விடிந்ததும் திண்டுக்கல்லுக்குப் போய் மறுபடி பார்க்கச் சொல்லி மனுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. சூசைராஜ் மனு எழுதினான். செத்த கொடியில் வரிசைக்கு ஒன்று பிடுங்கிச் சாக்கில் கட்டினார்கள். தன் கையால் நட்ட கொடியைத் தன் கையால் பிடுங்கும்போது வயசாளி ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

திண்டுக்கல்லில் காலியாகக் கிடந்த ஒரு புகையிலைக் கிட்டங்கியில் புயல் நிவாரண முகாம் போட்டிருந்தார்கள். புகையிலைக் காரம் இன்னும் போகாமல் மூக்கை அரித்தது. பதினேழு பேர் போயிருந்தார்கள். வெயில் தலைக்கு ஏறினபின் கூப்பிட்டார்கள். முகாமின் பெரிய அதிகாரி மனுவையும் பழைய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"சேதமில்லை என்று கையெழுத்துப் போட்டது யார்?"

பொன்னழகு முன்னால் போனான். "நாந்தாங்க. விழுந்து கிடந்ததக் காட்டாம வேற வழியாக் கூட்டிப்போனதும் நாந்தாங்க."

"பொய்த் தகவல் கொடுத்தால் வழக்கு வரும், தெரியுமா? இந்த மனுவில் உன் பேர் முதலில் இருக்கிறது."

தெரியும் என்று தலையாட்டினான். சொல்லிவிட்டபிறகு தோள்வலிகூடக் கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது.

அப்போது ஜமால் முகமது, கட்டுப்போட்ட கையோடு, அவன் பக்கத்தில் வந்து நின்றான். "அன்னிக்கு வரப்புல அவரோட இன்னும் நாலு பேரு நின்னாங்க. யாரும் வாயத் திறக்கல. அவரு மேல எழுதுறதுன்னா ஒன்பது வீட்டையும் சேத்து எழுதுங்கய்யா. மனுவும் ஒன்பது வீட்டு மனுதான்." பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்தார்கள். சூசைராஜ் சாக்கை அவிழ்த்து மேசைக்குக் கீழே கொட்டினான். புகையிலைக் காரத்தையும் மீறி அழுகல் நாறியது.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கொடிகளைப் பார்த்தார். வியாழக்கிழமை நேரில் வருவதாகவும், பணம் கிடைக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றும் சொன்னார். விழுந்து கிடப்பதை அதுவரை யாரும் தொடக் கூடாது. மனுவில் முத்திரை குத்தி ஒரு நகலைக் கொடுத்தார்கள். சூசைராஜ் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் நாலு தடவை தொட்டுப் பார்த்தான்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிழக்கு வரப்பில் காவலிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். மத்தியானம் முத்துச்சாமியின் ஆட்கள் ரெண்டு பேர் வந்தார்களாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்றாளாம் நஜ்முன்னிசா. கழற்றினார்களாம். கழற்றின செருப்பை எடுத்து இவள் வாய்க்காலுக்குள் எறிந்ததும், அதைத் தேடிப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பவில்லையாம். அதைக் கேட்டு ஜமால் சிரித்துவிட்டு, தோள் வலிக்க முகத்தைச் சுளித்தான்.

பொன்னழகு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு உள்ளே இறங்கினான். ஜமாலின் நாலு வரிசையும் அகத்தியோடு சேற்றில் குப்புறக் கிடந்தன. கை தன்னால் ஒரு அகத்தியின் அடியில் போயிற்று.

"தொடாதீங்கண்ணே" என்றான் ஜமால் வரப்பிலிருந்து. "வியாழக்கிழம வரைக்கும் கிடக்கட்டும்."

பொன்னழகு கையை எடுத்துக்கொண்டான். முதல் காவல் தனக்கு என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்தான். ஒவ்வொருவராக வந்து அவனை ஒட்டி உட்கார்ந்தார்கள். நஜ்முன்னிசா எல்லோருக்கும் கொடுத்த கருப்பட்டித் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கமும் நகர்த்தி வைத்தாள். அவனோடு பேசவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி வரலாம், வராமலும் போகலாம். நிவாரணம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஜமால் முகமதுவுக்குப் பொன்னழகு கொடுக்க வேண்டிய நாலு நாள் வேலை மட்டும் அப்படியே பாக்கி நின்றது.