கலர் மாத்திரை

சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியபோது, ட்ரிப்ஸ் ஏற்றிய கையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடப் பிய்க்கவில்லை. தெருவே அதைப் பார்த்து உச்சுக் கொட்டியது. சிறுநீரகத்தில் கிருமி தொற்றி, குளிர்காய்ச்சலில் கட்டிலையே ஆட்டியவள் அவள். நலம் கேட்க வந்த கூட்டத்தில் வாசலில் செருப்பு மலையாகக் குவிந்தது.

அதையெல்லாம்கூட அவள் ஓரகத்தி பெரியவள் பொறுத்துக்கொண்டாள். கல்யாணமான நாள்முதல் பெரியவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு தராத அவள் கணவர், வெளியூரில் வேலைபார்க்கும் தம்பியின் பெண்டாட்டிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நாரெடுத்து, கொட்டையெடுத்து. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த வயிற்றெரிச்சல்தான் கீழே இறங்கியதோ என்னவோ, அடுத்த வாரமே பெரியவளுக்கு ஒன்றுக்குப் போனால் எரிந்தது. டாக்டரம்மா சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான வெள்ளை மாத்திரை ஒன்றை எழுதினார்.

"சாதாரணத் தொற்றுதாம்மா. தண்ணி நிறையக் குடிங்க, அடக்கி வைக்காதீங்க."

"ட்ரிப்ஸ் எதுவும் வேண்டாமா டாக்டர்?"

"எதுக்கு?"

சாதாரணமாம். பெரியவளுக்குச் சுருக்கென்றது.

அந்த வீட்டில் தலைவலி மாத்திரையானாலும் பெரியவள் கையால்தான் வரவேண்டும். மருந்து டப்பா அவள் அலமாரியில். சின்னவளுடைய மாத்திரையோ பாதி சிவப்பு, பாதி மஞ்சள், அரண்மனை நகைபோல மின்னியது. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளை சின்னவள் கைக்குப் போனது. கலர் பெரியவள் வாய்க்குப் போனது.

"அக்கா, நேத்து வரைக்கும் கலரா இருந்துச்சே?"

"உனக்குத்தான் குணமாயிடுச்சே. இனிமே இதுதான்."

சின்னவள் மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். வாரக்கடைசிக்குள் காய்ச்சல் திரும்பி வந்து அவளை மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டது.

"மாத்திரைக்கு இந்தக் கிருமி அடங்கலை. இதைவிடக் கடுமையான மருந்தை ஏத்த வேண்டியதுதான்," என்றார் டாக்டரம்மா.

பெரியவளின் கண் முதலில் போனது கணவர் கையிலிருந்த ஆரஞ்சுப் பைக்குத்தான். அப்போது குளிரில் பல் கிட்டிக்க, சின்னவள் பெரியவளின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேளாவேளைக்கு நீங்க எடுத்துக் குடுத்தும் இப்படி ஆயிடுச்சேக்கா."

பெரியவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்துப் பேசினாள்.

"அந்த மாத்திரையை அவ சாப்பிடலை டாக்டர். நான் சாப்பிட்டேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"உங்க மாத்திரை?"

"அவளுக்குக் குடுத்தேன்."

"எரிச்சல் போச்சா உங்களுக்கு?"

"இல்ல."

"எப்படிப் போகும்? பரிசோதனை முடிவு வந்தாச்சு. உங்க கிருமி அந்தக் கலருக்குச் சாகாது, வெள்ளைக்குத்தான் சாகும். இவங்களோடது நேர்மாறு. நல்லவேளை சொன்னீங்க. கடுமையானது வேண்டாம், பழைய மருந்தையே ஊசியில ஏத்தறேன். நீங்க வெள்ளையை முதல்லேருந்து ஆரம்பிங்க. முழுசா முடிக்கணும்."

சின்னவள் நடுக்கத்தினூடே சிரித்தாள். "கேட்டிருந்தா காய்ச்சலையும் சேர்த்தே குடுத்திருப்பேனேக்கா."

பெரியவளின் கணவர் ஆரஞ்சை உரித்து, முதல் சுளையை மனைவியிடம் நீட்டினார்.

"அவளுக்குக் குடுங்க. காய்ச்சல் அவளுக்குத்தானே."

சுளையை விரலால் ஒருமுறை வழித்துவிட்டுச் சின்னவளிடம் கொடுத்தார். பெரியவள் வெள்ளை மாத்திரையை விழுங்கினாள். கண் மட்டும் சுளையை விட்டு நகரவில்லை.

"நாரெடுத்தீங்களா?"

"எடுத்தேனே."

"எனக்கு எடுக்காமத்தானே நீட்டினீங்க."