பேச்சில்லாத இடம்

அப்பாவுக்குச் சட்டை மாற்றி, கடைசிப் பொத்தானை மகள் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மாடி வீட்டு டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தும் உங்கம்மாவுக்குத் தெரியலையா?"

டீச்சர் கெட்டவர் அல்ல. ஆயுசு முழுக்க வகுப்பறையில் கேள்வி கேட்டே பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசியதாக அவருக்கு நினைப்பு. கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல் அது. அடுத்த அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த அம்மாவின் தலை மெல்லத் திரும்புவதை மகள் பார்த்தாள். அம்மாவுக்குக் கண்தான் தெரியாது. ஊசி விழுந்தால் எந்த அறையில் விழுந்தது என்று சொல்லிவிடுவாள்.

"டீச்சர், அந்தக் கையைக் கொஞ்சம் பிடிங்க" என்று மட்டும் சொன்னாள் மகள்.

நல்ல சட்டையாக ஒன்று தேடி அலமாரியைக் காலையிலேயே கலைத்துப் போட்டிருந்தாள். நல்லதாக ஒன்றுகூட இல்லை. துணி புதிதாக இருந்தாலும், எல்லாச் சட்டையிலும் வலது கையின் ஓரம் மட்டும் நைந்து நூல் பிரிந்திருந்தது. இடது கை கடையில் வாங்கியது போலவே இருந்தது. கடைசியில் இருப்பதற்குள் பரவாயில்லாத ஒன்றை எடுத்து, வலது கையை உள்பக்கமாக மடித்துவிட்டாள். யாருக்கும் தெரியாது. யாருக்குத் தெரிய வேண்டும் என்றும் அவளுக்குப் புரியவில்லை.

நைந்ததற்குக் காரணம் அம்மா. இன்னும் சரியாகச் சொன்னால், சினிமா.

மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவின் பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது. அடுத்த வகுப்புக்கு அவள் போவதற்குள் முழுசாகப் போய்விட்டது. அம்மா சமையலறையை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். மாடிப்படியைப் பழகிக்கொண்டாள். எதற்கும் அழாதவள், ஒருநாள் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லிவிட்டு, "இனிமே எனக்கு எதுக்குங்க படம்" என்று சொல்லி அழுதாள். படம் என்றால் உயிர் அவளுக்கு. அதிலும் சண்டை, குத்தாட்டம் எல்லாம் ஆகாது. கஷ்டப்படுகிறவர்களின் படம்தான் வேண்டும். பிள்ளையைத் தொலைத்தவள், வேலை போனவன், ஊரைவிட்டு ஓடி வந்து யாரோ ஒருவருடைய தயவில் பிழைக்கிறவர்கள். "நம்ம பாரத்தைக் கொஞ்ச நேரம் அவங்க தூக்கிக்கறாங்க" என்பாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு இருட்டில் கத்துகிறவர்களுக்கு, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பேச்சுக் கொடுப்பதே அவருடைய பாதி வேலை. "இப்ப மேல ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க. இப்ப லேசா ஆடும், ஒண்ணுமில்ல." அதே குரலில்தான் அன்றைக்கு அம்மாவிடம் சொன்னார்.

"பேச்சுதான் உனக்குக் கேக்குதே. பேச்சில்லாத இடத்த நான் பாத்துக்கறேன்."

அப்படியே பார்த்துக்கொண்டார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்காருவார்கள். அவருடைய வலது சட்டைக் கையின் ஓரத்தை அம்மா இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாள். திரையில் யாராவது பேசும்போது அவர் வாயைத் திறக்க மாட்டார். பேச்சு நின்றதும் ஆரம்பிப்பார். "எந்திரிக்கறான். சட்டப் பையைத் தடவிப் பாக்கறான். ஒண்ணுமில்ல. திரும்பி அவளப் பாக்கறான்." ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

ஒரே ஒரு குறை உண்டு. அப்பாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வரும் மனசு. உருக்கமான கட்டம் வந்தால் தொண்டை அடைத்துப் பேச்சு நின்றுவிடும். அப்போது அம்மா என்ன ஏது என்று கேட்க மாட்டாள். சட்டை ஓரத்தைப் பிடித்தபடி காத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, "எங்க விட்டேன்?" என்று தொடங்குவார். ஆம்பிளை அழுவதை அவமானப்படுத்தாமல் இருப்பதற்கு அம்மா கண்டுபிடித்த வழி அது.

அந்த வழிதான் நேற்றுப் பிற்பகலில் அவளைக் கவிழ்த்துவிட்டது.

படத்தின் கடைசிப் பகுதியில் அப்பாவின் குரல் நின்றது. அழுகிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். படம் முழுதாக முடிந்து, இசையும் அடங்கிய பிறகுதான், "என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டு அவருடைய கன்னத்தைத் தொட்டாள்.

மகள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். அங்கே வருகிறவர்கள் முடிவுச் சீட்டை வாங்கும் முன்பே அவள் முகத்தைப் பார்ப்பார்கள், நல்லதாக ஏதாவது சொல்ல மாட்டாளா என்று. அவள் சொல்ல மாட்டாள். உள்ளது எதுவோ அதுதான். நேற்றும் அப்படித்தான். "ஒடனே கூப்பிட்டிருந்தா பொழச்சிருப்பாரா? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டபோது, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். "சொல்ல முடியாதுன்னாரும்மா. சில பேருக்கு ஒடனே போயிடுமாம். சில பேருக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்குமாம்."

சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அம்மா "ஓ" என்றாள். அதன் பிறகு இன்று மதியம் வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

மதியம் அந்த மௌனத்தை உடைத்தவர் சித்தப்பா. வண்டி, ஆள், நாற்காலி என்று ஓடிக்கொண்டிருந்தவர், கிடைத்த இடைவெளியில் அண்ணியின் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"அண்ணி, எங்கண்ணன் சொன்ன கதைய நம்பி நான் எத்தனை படத்துக்குப் போயி ஏமாந்திருக்கேன் தெரியுமா? எல்லாரும் நல்லா இருப்பாங்கன்னு சொல்லி அனுப்புவாரு. அங்க போனா ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

மகளுக்குத் திக்கென்றது. அம்மாவுக்காக அப்பா சோகமான முடிவை மாற்றிச் சொல்வது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். சின்ன வயதில் ஒருமுறை, படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போன பையனை அப்பா வாய்ப்பேச்சிலேயே எழுப்பி உட்காரவைத்துப் பால் குடிக்கவைத்தபோது, "பொய்! அவன் செத்துட்டான்!" என்று கத்தியிருக்கிறாள். "நீ சும்மா இருடி" என்று அம்மாதான் அவளை அடக்கினாள். பாவம், அம்மா ஏமாறுகிறாளே என்று அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது அம்மாவின் உதடு லேசாக விரிந்தது.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நாலு பேரு குய்யோ முறையோன்னு அழறாங்க, இவரு பையன் எந்திரிச்சுப் பால் குடிக்கறாங்கறாரு. எனக்குக் கண்ணுதான் இல்ல, மூளையுமா இல்ல?"

"அப்பறம் ஏன் அண்ணி கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"எனக்காகத்தானே அவ்ளோ கஷ்டப்பட்டுக் கதை கட்டறாரு." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "புளுகறதுக்கு முன்னாடி ஒருதடவ தொண்டயச் செருமுவாரு. ஆகா, ஆரம்பிச்சுட்டாருன்னு நெனச்சுக்குவேன். நெசத்தைச் சொல்றப்ப செருமவே மாட்டாரு, மனுஷன்."

சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார்; அப்படியே அழுதும் விட்டார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு வண்டி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். டீச்சர் ஒரு பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் கேட்ட கேள்வி தனக்கே உறுத்தியதோ என்னவோ, ஒன்றும் பேசாமல் படியேறிப் போனார். சித்தப்பா வாடகை நாற்காலிகளைக் கொண்டுபோனார். வீட்டில் இரண்டு நாற்காலிகள் மட்டும் மிஞ்சின, எப்போதும் போல நெருக்கமாக.

அம்மா தட்டித் தடவாமல் நேரே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தைப் போடு."

"இன்னிக்கா? வேணாம்மா. கொஞ்சம் படுத்துக்க."

"போடுடி. முழுசா வேணாம். அவரு விட்ட எடத்துலேருந்து போதும்."

அம்மா மகள் நின்ற பக்கமாகவே முகத்தைத் திருப்பிப் பேசினாள்.

"அது ஒரு சலவைக் கம்பெனில இஸ்திரி போடறவ கதை. மகன் சண்ட போட்டுக்கிட்டுக் கப்பல் வேலைக்குப் போயிட்டான். வருஷக்கணக்காத் தகவல் இல்ல. இவ தெனமும் ரெண்டு தட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. கடைசில, 'இஸ்திரிப் பெட்டிய நிமித்தி வச்சுட்டு ஜன்னல்கிட்டப் போறா'ன்னாரு. அவ்ளோதான். அதுக்கப்பறம் வயலின் மட்டும் கேட்டுது. யாரும் பேசல. இவரும் பேசல."

"சரிம்மா."

"ரொம்ப நேரம். மூக்குச் சிந்தற சத்தமும் வரல. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்." அம்மாவின் விரல்கள் காலி நாற்காலியின் கைப்பிடியைத் தடவின. "அந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாத எடம்னா அவரு சும்மா இருந்ததுல தப்பில்ல. நான் சும்மா இருந்ததுலயும் தப்பில்ல. ஆனா, அங்க சொல்றதுக்கு நெறைய இருந்து, அவரு சொல்லாம இருந்து, நானும் மரம் மாதிரி உக்காந்திருந்தேன்னா..."

அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு, "நீ பொய் சொல்ல மாட்ட. அதான் உன்னக் கேக்கறேன்" என்றாள்.

மகள் படத்தைத் தேடிப் போட்டாள். ஓட்டி ஓட்டி, இஸ்திரிப் பெட்டி நிமிரும் இடத்துக்கு வந்தாள். வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காரும் இடம் அவருடைய உருவத்துக்குக் குழிந்திருந்தது.

"பெட்டிய நிமித்தி வைக்கறா" என்றாள். "எந்திரிக்கறா. ஜன்னல்கிட்டப் போறா."

"ஆங். இதான். இதுக்கப்பறம்."

வயலின் ஆரம்பித்தது.

ஜன்னலுக்குக் கீழே தெருவில், தோளில் ஒரு பையோடு, தாடி வளர்ந்த ஒருவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். திரையில் அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் வீதியைக் கடந்தான். படியேறினான். அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை; கதவுச் சத்தம்கூட வயலினில் அமுங்கிப்போனது. அவள் அவன் தாடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், எதையோ சரிபார்ப்பவள் போல. பிறகு ஓங்கி ஒன்று வைத்தாள் தோளில். பிறகு கட்டிக்கொண்டாள்.

இத்தனை வருடத்தில், அப்பா கை வைக்க அவசியமே இல்லாமல், தானாகவே நல்லபடியாக முடிகிற படம் இது. அவர் மட்டும் இருந்திருந்தால் இந்த ஒரு கட்டத்தை வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். சொல்வதற்கு இங்கே அவ்வளவு இருந்தது. ஒரு நொடிகூட சும்மா இருக்க முடியாத இடம்.

"என்னடி? ஜன்னல்கிட்டப் போயி?"

அம்மாவின் முகம் திரையின் வெளிச்சத்தில் நீலமாக இருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, கேட்பதற்கென்றே உட்கார்ந்திருந்தாள். உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரே ஆள் என்று நம்பிக் கேட்டவள்.

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. தெருதான் தெரியுது."

அம்மாவின் தலை மெல்ல இவள் பக்கம் திரும்பியது. திரும்பியபடியே நின்றது. வயலின் மட்டும் கேட்டது.

"வெறும் தெருவா?" என்றாள் அம்மா.

"வெறும் தெரு. ஒரு விளக்குக் கம்பம். கடையெல்லாம் சாத்தியிருக்கு. அவ பாத்துக்கிட்டே நிக்கறா."

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரமாம்மா. அசையாம நிக்கறா. சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். நேற்றிலிருந்து அவள் முதுகு எதிலும் சாயவில்லை என்பது அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. காற்றில் கொஞ்சம் துழாவிய அம்மாவின் கை, மகளின் வலது சட்டைக் கையைக் கண்டுபிடித்து, அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டது.

"வருவானா அவன்?"

"வருவான்மா. படம் முடியறதுக்குள்ள வந்துடுவான்."

"சரி. நீ நிறுத்தாத, சொல்லு."

திரையில் இரண்டாவது தட்டு நிறைந்திருந்தது. அவன் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட, அவனுடைய கசங்கிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

"தெரு இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றாள் மகள்.