எல்லா ஆட்டமும் இலவசம்

1

தீபாவளி மலருக்கு ஒரு சந்தோஷமான கதை வேண்டும் என்று கேட்டார்கள். டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் இருவர் பேசியதுதான் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றாறில் பாளையங்கோட்டையில் நடந்த இலவச ஆட்ட விழாவைப் பற்றிய பேச்சு. முடிவு வருமுன் இருவரும் சமாதானபுரத்தில் இறங்கிவிட்டார்கள். மூன்று தடவை எழுதிவிட்டேன். அலுப்பாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'தாமிரபரணிக் கரையில் அந்தி மயங்கும் வேளையில்...' (அடித்துவிட்டேன். அந்தியை மயங்க வைக்கிற வயதைத் தாண்டியாயிற்று.)

இரண்டாவது: சித்ரலேகாவுக்குக் கால் வலித்தது.

இது நிற்கிறது. அவள் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணத்துக்கு முன் பரதம் படித்தவள். பெண் பார்க்க வந்த அன்றே மாமனார், "எங்க வீட்டுப் பொம்பளைக ஆட மாட்டாக" என்று முடித்துவிட்டார். சரி, ஊராவது ஆடட்டும் என்று இந்த விழாவை எடுத்தாள். பரதம், ஒயில், கரகம், சினிமாப் பாட்டுக்குக் கல்லூரிப் பையன்கள், கடைசியில் கணியான் கூத்து. மைக்செட், போலீஸ் அனுமதி, யார் முதலில் ஆடுவது என்ற சண்டை எல்லாம் அவள் தலையில்.

"ஏளா, ஏற்பாடு பண்ணுததோட நிறுத்திக்க. நீ எறங்கிராத" என்றான் புருஷன் கார்த்திகேசன்.

"எனக்கு நிக்கவே தெம்பில்ல. ஆடவா போறேன்?"

3

கார்த்திகேசனை வில்லனாக்கப் பார்த்தேன். சரிப்படவில்லை. விழாவுக்கு நாற்காலி சுமந்தவன் அவன். அவள் மதியம் சாப்பிடவில்லை என்று ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்ததும் அவன்தான். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது?

4

மகுடம் முழங்கியது. (குறிப்பு: மகுடம் கணியான் கூத்தின் தோல் வாத்தியம். கோயில் கொடைத் திருவிழாவில் அதை அடித்தால் சாமியாடிக்கு அருள் வரும். எங்கள் பக்கம் இதை விளக்க வேண்டியதில்லை. மலர் ஆசிரியர் மெட்ராஸ்காரர்.)

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சித்ரலேகா, கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு நடு மைதானத்துக்குப் போய் ஆடினாள். முதலில் படித்த பரதம் வந்தது. பிறகு அதுவும் விலகி, கால் போன போக்கு. கொண்டை அவிழ்ந்தது. நினைவு தெளிவாக இருந்தது. ஒவ்வொரு அடியும் அவளே வைத்தது. இத்தனை சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

(மலருக்கு இந்தப் பத்தி போதும். நிறுத்தியிருக்க வேண்டும்.)

5

"டீச்சருக்கு அருள் வந்துட்டு! வெலகுங்கய்யா!" என்று மைக்செட் ஐயம்பெருமாள் கத்தினான். கூட்டம் கைகூப்பியது. யாரோ அவள் நெற்றியில் விபூதியை அப்பினார்கள். ஒருத்தி மகளின் கல்யாணம் எப்போது என்று குறி கேட்டாள். டீச்சர் ஆடினால் குடும்பத்துக்குக் கேவலம். அம்மன் ஆடினால் பெருமை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கார்த்திகேசன் வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவனோ அவள் காலில் விழுந்தான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

"தாயி, வந்திருக்கது யாருன்னு சொல்லு."

மகுடம் நின்றது.

6

'பேச்சியம்மன்' என்று சொல்ல வைக்கலாம். இனி வருஷா வருஷம் கொடையில் ஆடலாம். வீடே அவளைத் தாங்கும். ஆனால் ஆடியவள் அவள் இல்லை என்றாகிவிடும். எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

தன் பெயரைச் சொல்ல வைத்தால், காலில் கிடக்கும் அந்த நல்ல மனுஷன் ஊர் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். அதன் பிறகு அந்த வீட்டுக்குள்... (எழுத வரவில்லை.)

மயங்கி விழ வைத்தும் பார்த்தேன். அவளுக்குச் செய்கிற துரோகமாகப் பட்டது. கிழித்துவிட்டேன்.

அவள் குனிந்து அவன் தோளைத் தொட்டுவிட்டாள். கூப்பிடப்போகிறாள். ஒரே ஒரு சொல்தான் பாக்கி. 'ஏலே' என்றால் அம்மன். 'ஏங்க' என்றால் சித்ரலேகா. என்னால் ஆகவில்லை, நீங்களே போட்டுவிடுங்கள். போடுமுன் அவள் முகத்தை ஒரு தடவை பாருங்கள்.